9 மி.மீ. தோட்டாவை நிறுத்திய பழைய வெஸ்ட், .44 மேக்னத்தைத் தாங்குமா?

பணவண்டிக்காவல் கேட்டது:

வணக்கம். பணம் ஏற்றிப்போகும் வண்டியில் ஆயுதக் காவலுக்குப் போகிறவன் நான். வேலையில் கொடுத்த குண்டு துளைக்காத வெஸ்ட் ஒன்றை நான்கு வருடமாகப் போட்டு வருகிறேன். எனக்கு முன்னால் இன்னொருவர் போட்டது. உள்ளே இருக்கும் பேனலின் சீட்டில் ‘என்.ஐ.ஜே. 0101.06, நிலை 3ஏ’ என்று இருக்கிறது. தயாரித்த வருடம் 2015. உத்தரவாதம் ஐந்து வருடம் என்றும் அதே சீட்டில் அச்சடித்திருக்கிறது.

மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். “துணிதானே, கெட்டா போகும்?” என்று பதில் வந்தது. போன வாரம் எங்கள் மேற்பார்வையாளர், ஸ்டோரில் கிடந்த அதே வருடத்து வெஸ்ட் ஒன்றைத் துப்பாக்கிப் பயிற்சிக் களத்துக்கு எடுத்து வந்து, மரப்பலகையில் ஆணியடித்து மாட்டி, 9 மி.மீ. பிஸ்டலால் மூன்று முறை சுட்டுக் காட்டினார். ஒன்றும் துளைக்கவில்லை. பலகையில் லேசான தழும்பு மட்டும். “பார்த்தீர்களா, இன்னும் பத்து வருடம் போடலாம்” என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் வெஸ்டில் இடது அக்குளுக்குக் கீழே பேனலின் மூலை மடிந்து கிடக்கிறது. விரலால் தடவினால் முண்டு முண்டாகத் தட்டுப்படுகிறது. 9 மி.மீ. தோட்டாவை நிறுத்தினால் .357, .44 மேக்னம் போன்றவற்றையும் நிறுத்தும் என்று எடுத்துக்கொள்ளலாமா? களத்தில் ஒருவரிடம் .44 ரிவால்வர் இருக்கிறது. அதைக் கொண்டு இன்னொரு பழைய வெஸ்டைச் சுட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறிபலகை எழுதியது:

நான் போட்டிக்குச் சுடுகிறவன், கவசத்தில் நிபுணன் இல்லை. எண்களை மட்டும் தருகிறேன்.

உங்கள் சீட்டில் இருக்கும் 0101.06, என்.ஐ.ஜே. என்ற அமெரிக்க நிறுவனத்தின் கவசத் தரம். அதில் 3ஏ நிலைக்கு இரண்டு சோதனைத் தோட்டாக்கள். ஒன்று 8.1 கிராம் எடையுள்ள .357 சிக், வினாடிக்கு 448 மீட்டர் வேகத்தில். இன்னொன்று 15.6 கிராம் எடையுள்ள .44 மேக்னம், 436 மீட்டர் வேகத்தில். அதற்குக் கீழே நிலை 2-இல் 8 கிராம் 9 மி.மீ. தோட்டாவை 398 மீட்டரிலும், 10.2 கிராம் .357 மேக்னத்தை 436 மீட்டரிலும் சுடுவார்கள். ஆகவே உங்கள் சீட்டு உண்மையானதாக இருந்தால், அந்த மாடல் புதிதாக இருந்தபோது .44 மேக்னத்தைத் தாங்கித்தான் சான்றிதழ் வாங்கியிருக்கிறது.

ஆற்றலைக் கணக்குப் போட்டால் அந்த .44 தோட்டாவுக்கு ஏறக்குறைய 1,480 ஜூல் வருகிறது. களத்தில் பழகச் சுடும் சாதாரண 9 மி.மீ. தோட்டா 500 ஜூலைத் தொட்டாலே பெரிது. மூன்றில் ஒரு பங்கு சுமையை ஏற்றிவிட்டு, பாலம் முழுச் சுமையும் தாங்கும் என்று உங்கள் மேற்பார்வையாளர் சொல்கிறார். இதில் தலையாட்ட ஒன்றும் இல்லை.

களிமண்மேசை எழுதியது:

கவசச் சோதனைக்கூடம் ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் எனக்குத் துப்பாக்கிப் பக்கமே வேலை இல்லை, களிமண்ணோடுதான் வேலை. அதனால் உங்கள் மேற்பார்வையாளரின் மரப்பலகையைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெஸ்டைச் சுட்டதும் கூடத்தில் இரண்டு கேள்விகள் கேட்போம். துளைத்ததா? துளைக்கவில்லை என்றால், பின்னால் எவ்வளவு ஆழத்துக்குக் குழி விழுந்தது? பலகை இரண்டாவது கேள்விக்குப் பதிலே சொல்லாது. மரம் உள்வாங்காது, ஆனால் நெஞ்சு உள்வாங்கும். முதல் கேள்விக்கும் பலகை சரியான பதில் சொல்வதில்லை. தோட்டா பட்டதும் துணி பின்னால் கூம்பாகப் புடைத்து, இழுபட்டு, வேகத்தைத் தின்ன வேண்டும். பின்னால் விறைப்பான பொருள் இருந்தால் அந்தப் புடைப்புக்கு இடம் கிடையாது. வெறுமனே கொடியில் தொங்கவிட்டால் பேனலே தோட்டாவோடு ஆடிப் பின்னால் போய்விடும். இரண்டுமே மனித உடம்பு இல்லை.

அதனால்தான் களிமண். ரோமா பிளாஸ்டிலினா எண் 1 என்று பெயர், சிற்பிகள் உருவம் செய்யப் பயன்படுத்தும் எண்ணெய்க் களிமண். 61 செ.மீ.க்கு 61 செ.மீ. சட்டத்தில் 14 செ.மீ. கனத்துக்கு அதை அடைத்து, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்திருப்போம். 1970-களில் இதே களிமண் அறை வெப்பத்திலேயே சரியாக இருந்ததாம். பின்னால் தயாரிப்புக் கலவை மாறி மாறி, இப்போது சூடு காட்டினால்தான் பழைய பதத்துக்கு வருகிறது. சுடுவதற்கு முன் 1,043 கிராம் எடையுள்ள எஃகு உருண்டையை 2 மீட்டர் உயரத்திலிருந்து ஐந்து இடத்தில் போடுவோம். குழிகளின் சராசரி 19 மி.மீ., இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். அதைத் தாண்டினால் அன்றைக்கு அந்தக் களிமண் சுடுவதற்கு ஆகாது. சுட்டு முடித்ததும் மறுபடி உருண்டை போட்டுப் பார்ப்போம்.

இந்த உருண்டை விஷயத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நானே ஒரு முறை பட்டிருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் சட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு, தோட்டாவின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் ஏதோ கோளாறு என்று அதைச் சரிபார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து உருண்டை போடாமலே பேனலைக் கட்டிக் கொடுத்தேன். .44 மேக்னத்துக்குக் குழி 38 மி.மீ. தேறியது என்று எல்லோருக்கும் திருப்தி. என் மூத்தவர் களிமண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார், என்னையும் அழுத்தச் சொன்னார். மேல்பக்கம் தோல் கட்டினாற்போல் இறுகியிருந்தது. அப்புறம் உருண்டை போட்டால் 15 மி.மீ.கூட இறங்கவில்லை. மறுநாள் சரியான பதத்தில், அதே தொகுதிப் பேனலுக்குக் குழி 46. எல்லை 44. ஆறிப்போன களிமண், தேறாத வெஸ்டைத் தேறவைத்துவிட்டது. அது வெளியே போயிருந்தால் யாராவது ஒருவர் உடம்பில் ஏறியிருக்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்த இறுகிய தோல் என் கட்டைவிரலில் இருக்கிறது.

அந்த 44 மி.மீ. எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கெவ்லார் இழையை டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் 1965-இல் கண்டுபிடித்தார். 1970-களில் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம், அதுதான் என்.ஐ.ஜே., அதை வைத்துக் காவலர்களுக்கு வெஸ்ட் செய்ய முனைந்தது. ராணுவத்தின் எட்ஜ்வுட் ஆய்வகத்தில் ஏழு அடுக்குக் கெவ்லாரை மயக்கம் கொடுத்த ஆடுகளின் மேல் வைத்து .38 ஸ்பெஷல் தோட்டாவால் சுட்டார்கள். அதே அடியை ஜெலட்டினில் அளந்தபோது கிடைத்த ஆழம்தான் 44 மி.மீ. ஜெலட்டின் குழிந்து உடனே மீண்டுவிடும், களிமண் குழிந்தபடியே நிற்கும். அளக்க எளிது என்பதற்காகக் களிமண்ணுக்கு மாறினார்கள். .38 தோட்டாவில் பிறந்த எண்ணை இன்றைக்கு .44 மேக்னத்துக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குப் பல நாள் உறுத்தல். ஆனால் அந்த எல்லைக்குள் செய்த வெஸ்ட்கள் இத்தனை வருடம் ஆட்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன. முதல் ஆள் 1975 டிசம்பர் 23 அன்று சியாட்டில் நகரத்தில் சுடப்பட்ட காவலர்.

இப்போது உங்கள் கேள்வி. ஒரு நிலைக்கு ஏன் இரண்டு தோட்டா வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். .357 சிக் தோட்டாவுக்குச் செப்பு உறை, வேகம் அதிகம், அவ்வளவாகச் சப்பாது. துளைக்குமா என்று பார்க்க அது. .44 மேக்னம் ஈயம் தெரியும் நுனி, நடுவில் குழி. துணியில் பட்ட உடனே காளான் மாதிரி விரிந்துவிடும். விரிந்தால் நிறைய இழைகள் சேர்ந்து பிடிக்கும், ஆகவே பெரும்பாலும் முன் அடுக்குகளிலேயே நின்றுவிடும். ஆனால் அந்த எடை எங்கே போகும்? எடையை வேகத்தால் பெருக்கினால், 398 மீட்டரில் வரும் 9 மி.மீ. தோட்டாவை விட இரண்டு மடங்குக்கும் மேல். அத்தனையும் பின்பக்கக் குழியாக வந்து நிற்கும். .44-இன் ஆபத்து ஓட்டையை விடக் குழியில்தான் அதிகம், உங்கள் பலகை காட்டாத இடமும் அதுதான். வேகமாக வரும் உறைத்தோட்டா ஒரு விதத்திலும், பெரிய மெதுவான தோட்டா வேறு விதத்திலும் வெஸ்டைத் தோற்கடிக்கும். ஒன்றைத் தாங்கியதை வைத்து இன்னொன்றைச் சொல்ல வழியில்லை.

.454 கசுல், 2003-இல் வந்த .500 எஸ் அண்ட் டபிள்யூ போன்ற இன்னும் பெரிய ரிவால்வர் தோட்டாக்கள் என்.ஐ.ஜே. சோதனைப் பட்டியலில் கிடையாது. 3ஏ பேனல் அவற்றை நிறுத்திவிட்டதாகச் சிலர் காட்டுவார்கள். நிறுத்தலாம். பின்னால் விழும் குழியைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், சுட்ட வெஸ்டை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்களா? தயவுசெய்து விசாரியுங்கள். குண்டு பட்ட பேனலில் இழைகள் நெடுந்தூரம் உருவப்பட்டிருக்கும், வெளியுறையைப் பார்த்தால் தெரியாது. அதை வெட்டிப் போட்டுவிட வேண்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பணவண்டிக்காவல் எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி ஐயா. சுட்ட வெஸ்ட் ஸ்டோரில்தான் மாட்டியிருந்தது. இன்று காலை நானே எடுத்து அதன்மேல் சிவப்பு மையால் எழுதித் தனியே வைத்துவிட்டேன்.

இன்னும் சில சந்தேகம். வியர்வையில் நனைந்தால் பலம் குறையும் என்று சொல்கிறார்களே, உண்மையா? பழையது என்று பயமிருந்தால் இரண்டு வெஸ்டைச் சேர்த்துப் போடு என்கிறார் ஒருவர், அது சரியா? உத்தரவாதம் முடிந்த அன்றே வெஸ்ட் செத்துவிடுமா, அல்லது அது வியாபாரக் கணக்கா? மேற்பார்வையாளர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

களிமண்மேசை எழுதியது:

சிவப்பு மையில் எழுதியது நல்ல வேலை.

நனைவது உண்மைதான். தண்ணீர் நூலுக்கு நூல் வழுக்கவைக்கும். உராய்வு குறைந்தால் தோட்டா நூல்களை ஒதுக்கிவிட்டு நுழையப் பார்க்கும். அதனால்தான் பேனலைத் தண்ணீர் புகாத மெல்லிய உறையில் வைத்து ஓரத்தை ஒட்டியிருக்கிறார்கள். சோதனையில் பேனலை 30 நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்து ஈரத்தோடுதான் சுடுவோம். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த உறையை. வெளித்துணியைக் கழற்றி, பேனலின் நான்கு ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒட்டு விட்டிருக்கிறதா, மடிந்த மூலையில் வெள்ளைக் கோடு விழுந்து கீறியிருக்கிறதா? கீறியிருந்தால் உள்ளே இத்தனை வருட வியர்வை போயிருக்கிறது.

உங்கள் முண்டு முண்டான மூலைக்கு வருகிறேன். அடுக்குகள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று இருந்தால்தான் வேலை செய்யும். மடிந்த இடத்தில் ஒரு பக்கம் கனமாகவும் அடுத்த விரல்கடையில் மெல்லிசாகவும் ஆகிவிடும், ஓரம் வேறு உள்ளே ஏறிவிடும். ஓரத்துக்கு அருகில் பட்ட தோட்டாவை நிறுத்துவது எப்போதும் கஷ்டம், நூலுக்கு அந்தப் பக்கம் பிடிமானம் கிடையாது. நாங்கள் ஒரு பேனலில் 6 குண்டு சுடுவோம். அதில் ஓரத்தை ஒட்டிச் சுடுவதும் உண்டு, 30 டிகிரி, 45 டிகிரி சாய்த்துச் சுடுவதும் உண்டு. பேனல் தோற்றால் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தான் தோற்றுப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அக்குளுக்குக் கீழே, இதயத்துக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. வருடம் எதுவாக இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்கே அதை மாற்ற வேண்டும்.

இரண்டைச் சேர்த்துப் போடுவது யாரும் சோதித்துச் சான்று கொடுத்த கவசம் இல்லை. கை அசையாது, வேகமாக மறைவிடம் போக முடியாது, உள்ளே வெந்துபோவீர்கள். வேண்டாம்.

உத்தரவாதம் முடிந்த நள்ளிரவில் துணி ஒன்றும் செத்துவிடாது. நன்றாக வைத்திருந்த பழைய பேனல்கள் சோதனையில் நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு பெரிய பாடம் நடந்திருக்கிறது. பி.பி.ஓ. என்றொரு இழை, ஜைலான் என்ற பெயரில் வந்தது. கெவ்லாரை விடப் பலம், மெலிசு, எல்லோருக்கும் பிடித்திருந்தது. 2003 ஜூனில் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் காவலர் ஒருவர் அணிந்திருந்த, அதிகம் பழையதாகாத ஜைலான் வெஸ்டைக் கைத்துப்பாக்கிக் குண்டு துளைத்தது. அது நிறுத்தியிருக்க வேண்டிய குண்டு. ஆராய்ந்து பார்த்தால் ஈரக்காற்றும் வெளிச்சமும் அந்த இழையின் பலத்தை உள்ளுக்குள்ளே தின்றிருந்தன. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. 2005-இல் என்.ஐ.ஜே. ஜைலான் வெஸ்ட்களின் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. “துணி கெட்டா போகும்?” என்று கேட்டவருக்கு இதுதான் பதில்.

அதற்குப் பிறகு வந்ததுதான் உங்கள் சீட்டில் இருக்கும் 0101.06, வருடம் 2008. அதில் ஒரு உருளை இயந்திரம் சேர்த்தார்கள். 65 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம், பத்து நாள், 72,000 சுற்று. பேனல் உள்ளே விழுந்து எழுந்து, மடங்கி நிமிர்ந்து, வெளியே வரும்போது பல வருடம் போட்டதுபோலத் தொளதொளவென்று இருக்கும். அதையும் சுடுவோம், ஆனால் .44 மேக்னத்தை 436 மீட்டரில் சுட மாட்டோம், 408 மீட்டரில்தான் சுடுவோம். போட்டுத் தேய்ந்த வெஸ்ட் புதியதுபோல நிற்காது என்பதைத் தரமே ஒப்புக்கொள்கிறது. இந்த இரண்டு எண்ணையும் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். இப்போது புதிதாக வாங்கினால் சீட்டில் வேறு பெயர் இருக்கலாம். 2023-இல் வந்த 0101.07 தரத்தில் 3ஏ என்பது எச்ஜி-2, நிலை 2 என்பது எச்ஜி-1. .357 சிக்குக்குப் பதில் அதே 448 மீட்டர் வேகத்தில் 9 மி.மீ. தோட்டா. .44 மேக்னம் அப்படியே இருக்கிறது. பெண்களுக்கான வெஸ்டைச் சோதிக்கும் முறையையும் அதில் மேம்படுத்தியிருக்கிறார்கள். உங்களோடு பெண் காவலர்கள் வேலை செய்தால் அவர்களுக்கு இந்தத் தரத்தில்தான் கேளுங்கள்.

கடைசியாக அந்த .44 ரிவால்வர். களத்தில் சுட்டுப் பார்ப்பதால் என்ன தெரியும்? அந்த ரிவால்வரின் குழல் குட்டையாக இருந்தால் தோட்டா 400 மீட்டரைக்கூடத் தொடாது. நாங்கள் 5 மீட்டர் தூரத்தில் சுட்டு, ஒவ்வொரு குண்டின் வேகத்தையும் அளந்து, குறித்த வேகத்தைவிட வினாடிக்கு 9 மீட்டர் வரை கூடவோ குறையவோ இருப்பதைத்தான் சரியான குண்டாக எடுத்துக்கொள்வோம். வேகம் தெரியாமல் சுட்ட குண்டு எதையும் நிரூபிக்காது. அதை விடப் பெரிய சிக்கல், சுட்ட வெஸ்டைப் பற்றி மட்டும்தான் தெரியும், அதை இனிமேல் யாரும் போட முடியாது. நீங்கள் போடுவது வேறு ஒருவர் வியர்த்த, வேறு விதமாக மடிந்த வெஸ்ட். நிர்வாகம் உண்மையிலேயே சோதிக்க விரும்பினால், ஒரே தொகுதியில் இருந்து பல வெஸ்ட்களைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி வி-50 எடுக்கச் சொல்லலாம். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி, பாதிக் குண்டு துளைத்துப் பாதிக் குண்டு நிற்கும் வேகத்தைக் கண்டுபிடிப்பது அது. புதிதாக இருந்தபோது எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். அந்தச் செலவுக்குப் புதிய வெஸ்டே வாங்கிவிடலாம் என்பது வேறு விஷயம்.

இரவுப்பணி எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். குழியைப் பற்றிப் பேசுவதால் ஒன்று சொல்ல வேண்டும். வெஸ்ட் நிறுத்திய ஒருவர் எங்களிடம் நடந்தே வந்தார். சட்டையைக் கழற்றினால் மார்பெலும்புக்கு இடப்பக்கம் கையகலத்துக்கு ஊதாவாகக் கன்றி, நடுவில் தோல் உரிந்து கசிந்துகொண்டிருந்தது. “ஒன்றும் இல்லை, குதிரை உதைத்ததுபோல இருந்தது, வீட்டுக்குப் போகிறேன்” என்றார். மருத்துவர் விடவில்லை. விலா ஒன்று விரிசல். மூச்சு முதலில் நன்றாகத்தான் இருந்தது, சில மணி நேரம் கழித்து நுரையீரல் கன்றியது படத்தில் தெரிய ஆரம்பித்தது, ஆக்சிஜன் வைத்தோம். இதயத்துடிப்பையும் இரவு முழுக்கக் கண்காணித்தோம்.

வெஸ்டில் குண்டு பட்டால், ரத்தம் வராவிட்டாலும், வலி இல்லாவிட்டாலும், நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். கூட வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். அடிபட்டவர் தானாகப் போக மாட்டார், நீங்கள்தான் அழைத்துப் போக வேண்டும்.

பணவண்டிக்காவல் எழுதியது:

நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் பேனலை வெளியே எடுத்துப் பார்த்தேன். மடிந்த மூலையில் நீங்கள் சொன்ன அதே வெள்ளைக் கோடு. நகம் நுழையும் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. உள்ளே துணி மஞ்சளாகி, உப்புப் படிந்து, தொட்டால் விறைப்பாக இருக்கிறது. மற்றவர்களையும் பார்க்கச் சொன்னேன். பதினொரு வெஸ்டில் நான்கில் ஓரம் விட்டிருக்கிறது.

நான்கையும் போட்டோ எடுத்து, சீட்டிலிருக்கும் தொகுதி எண்ணோடு கடிதமாக எழுதி, பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். 436, 408 என்ற எண்களையும் எழுதினேன். மேற்பார்வையாளர் படித்துவிட்டு, அவரே தன் வெஸ்டைக் கழற்றி மேசையில் விரித்துப் பார்த்தார். அவருடையது 2013.

களிமண்மேசை எழுதியது:

கடிதத்தின் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். புதியது வரும்வரை அந்த நான்கு பேரையும் வண்டிக்கு வெளியே இறங்கும் பணியில் போடாமல் இருக்க முடியுமா என்று கேளுங்கள், உங்களையும் சேர்த்துத்தான். புதிய பேனல் வந்ததும் ராத்திரியில் ஹேங்கரில் மாட்டாமல் தட்டையாகப் படுக்கவைத்துப் பழகுங்கள். மூலை மடிவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.